பிடிஎஃப் மின்னூல் ஆகாது

"நூலை மின்னூலாக வெளியிட்டுவிட்டோம்" என்று யாராவது சொன்னால் ஆவலோடு போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் அச்சுக்கு அனுப்பிய பிடிஎஃப் கோப்பு அப்படியே தளத்தில் ஏறியிருக்கும். அதை மின்னூல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1993இல் அடோபி பிடிஎஃபைக் கொண்டுவந்தபோது நோக்கம் எளிமையானது: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும், பக்கம் ஒரே மாதிரி இருக்கணும். அந்த வேலையை அது பிரமாதமாகவே செய்கிறது. ஆனால் பக்கத்தை அது விவரிப்பது, இந்த உருவத்தை இந்த இடத்தில் வரை என்கிற கட்டளைகளாகத்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் உருவம் என்று ஏறக்குறைய ஒத்துப்போகும். தமிழில்தான் வம்பு.

'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் 'க', அதற்கப்புறம் ஒகரக் குறி. திரையில் வரையும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்காரும். பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்வது இந்த வரைந்த வரிசையை. உருவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்ப உள்ளே ஓர் அட்டவணை இருக்கலாம். அது உருவத்துக்கு உருவம் பார்ப்பதால் முன்பின் மாறியதைச் சரிசெய்யாது. சரியான சொல்லையும் கூடவே பொதிந்து வைக்கத் தரநிலையில் வழி உண்டு. யார் செய்கிறார்கள்? நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அமைத்த நூலென்றால் இன்னும் மோசம், வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் கிடைக்கும்.

கண்ணால் வாசிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்த நூல் வெளியாகவே இல்லை. தேடுபொறிக்கும் அப்படித்தான்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. திஸ்கியில் இருந்த நூல்கள் பிற்பாடு யூனிகோடுக்கு மாறின. தோற்றத்தில் அந்தப் பக்கங்கள் ரொம்பச் சாதாரணம், அழகு என்று எதுவும் கிடையாது. ஆனாலும் குறியாக்கத்தை மாற்ற முடிந்ததற்குக் காரணம் அங்கே இருந்தது உரை என்பதுதான். பக்கப் படங்களாக மட்டும் வைத்திருந்தால் எல்லாவற்றையும் திரும்பத் தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

யூனிகோடு என்றவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள். பல பக்கங்களில் அது ஒகரமும் ளகரமும் சேர்ந்த 'ஒளவையார்' ஆக இருக்கும். பார்வைக்கு இரட்டைப் பிறவி, கணினிக்கு வேற்றாள். ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைக்கும் பழக்கமும் பழைய எழுத்துருக்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான். இதையெல்லாம் சின்ன நிரல் ஒன்று பெருமளவு பிடித்துவிடும், ஓட்டத்தான் ஆளில்லை.

இபப் கோப்பு என்பது ஒன்றும் மாயவித்தை இல்லை. எக்ஸ்ஹெச்டிஎம்எல் பக்கங்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம், அவ்வளவே. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும், கைபேசியில் பக்கத்தை இடவலமாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டாம். நீளமான தமிழ்ச் சொற்களால், இருபுறமும் சீராக அமைக்கும்போது நடுவில் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும். மேற்கோள் காட்ட அச்சுப் பக்க எண் வேண்டும் என்பது ஆய்வாளர்களின் நியாயமான கோரிக்கை, இபப் 3இல் அதற்கும் இடமிருக்கிறது.

அப்புறம் ஏன் பிடிஎஃப்? பக்க வடிவமைப்பாளரின் கணினியில் அதுதான் தயாராக இருக்கிறது. தலைப்புக்குத் தலைப்புப் பாணி, பத்திக்குப் பத்திப் பாணி என்று முதலிலேயே குறித்து வைத்தால் அதே மூலத்திலிருந்து இரண்டையும் எடுக்கலாம். நம் ஊரில் தலைப்பு என்றால் எழுத்தைத் தடிமனாக்கி இரண்டு முறை எண்டர் தட்டுவது. மாற்ற வேண்டியது அந்த மேசையில்தான். பதிப்பாளர்கள் கோப்பை வாங்கும்போது ஒகரம் வரும் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.