மூன்று பெட்டியும் ஒரு கம்பியும்

பெரம்பலூரில் இருக்கும் என் அக்கா கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அவள் வலது கையிலிருந்த மாவுக்கட்டு.

"என்னக்கா ஆச்சு?"

"வைஃபை விழுந்துடுச்சு தம்பி."

வைஃபை விழுந்தால் அக்காவின் மணிக்கட்டு எப்படி உடையும்? காபி வந்த பிறகுதான் விளங்கியது. மகள் சிங்கப்பூரில். தினமும் ராத்திரி பேத்தி தூங்கப் போவதற்கு முன் வீடியோ கால் வரும். அடுப்படியில் இருந்தால் பேத்தியின் முகம் பாதியில் உறைந்துவிடும். கூடத்துக்கு வந்தால் குரல் மட்டும் வரும். வாசல் படியில் போய் நின்றால் பளிச். அதனால் மழை பெய்த ஒரு ராத்திரி, போனைப் பிடித்தபடி ஈரப் படியில் நின்று, "பாட்டி, யானை எங்கே?" என்று கேட்ட பேத்திக்கு யானை மாதிரி ஆடிக் காட்டியிருக்கிறாள். வழுக்கிவிட்டது. ஆறு வாரம் கட்டு.

இத்தனைக்கும் அந்த வீட்டில் வைஃபை பெட்டி ஒன்றல்ல, மூன்று. சென்னையில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. பெயர் மெஷ். கொசுவலை மாதிரி வீடு முழுக்க சிக்னலை விரிக்குமாம்.

அக்கா அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்காம். எனக்குத்தான் அதை வச்சுக்கத் தெரியலை."

இதே அக்கா, மிக்ஸி ஜார் ஒழுகியதற்காக கடைக்காரரிடம் இரண்டு மணி நேரம் சண்டை போட்டு புது ஜார் வாங்கி வந்தவள். வெங்காய மூட்டையில் நாலு அழுகல் இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புகிறவள். அவளை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி "குற்றம் என்னுடையதுதான்" என்று சொல்ல வைத்துவிட்டது. சினிமா, புத்தகம் எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்தில் விமர்சனம் எழுதியாயிற்று. இந்த வாரம் அந்தப் பெட்டிக்கு.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். திருச்சியில் ஒரு கடையில் நின்று இன்னும் நாலு கம்பெனி அட்டைப்பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். எல்லாம் ஒரு தாய் மக்கள்.

அட்டையில் ஒரு வீட்டுப் படம். பொம்மை வீடு மாதிரி முன்சுவரை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். மாடியில் அப்பா, கீழே அம்மா, சோபாவில் நாய். நீலநிற வளையங்கள் சுவர்களைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போகின்றன. கீழே '5,000 சதுர அடி வரை' என்று ஒரு வரி. இந்த 'வரை' இருக்கிறதே, தமிழ்நாட்டு விளம்பரங்களில் அதிகம் உழைத்து மிகக் குறைவாக மாட்டிக்கொள்ளும் சொல் அதுதான்.

அக்கா வீடு ரயில் வண்டி மாதிரி. இருபதடி அகலம், தொண்ணூறு அடி நீளம். திண்ணை, முன்னறை, கூடம், அப்புறம் தொண்ணூறுகளில் கட்டிய கான்கிரீட் அறை, அடுப்படி, கொல்லை. முன்பக்கச் சுவர் ஒன்றரை அடி கனம். பின்பக்கம் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட். 1,800 சதுர அடிதான். கம்பெனிக் கணக்குப்படி இது மாதிரி இரண்டு வீட்டுக்கு மேல் போதும். ஆனால் வைஃபை பட்டா நிலம் மாதிரி சதுர அடியில் அளக்கிற சமாச்சாரமில்லை. எத்தனை சுவரைத் தாண்டுகிறது என்பதுதான் கணக்கு.

நான் பி.காம். கம்ப்யூட்டர் படித்தவனில்லை. ஆனால் கணக்குப் பதிவியலில் 'பேங்க் ரீகன்சிலியேஷன்' என்று ஒரு பாடம் உண்டு. நம் ரொக்கப் புத்தகம் ஒரு தொகை சொல்லும், பேங்க் பாஸ் புக் வேறொன்று சொல்லும். ஒத்துப்போகிறவற்றை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தால், மிச்சம் நிற்பதுதான் தகராறு. அதையே இங்கேயும் செய்தேன்.

அடுப்படியில் அக்காவின் போனில் சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது. ஆனால் 'கனெக்டட், இன்டர்நெட் இல்லை' என்கிறது. எப்படி? அந்தக் கோடு சொல்வது போனுக்கும் பக்கத்திலிருக்கும் பெட்டிக்குமான உறவை மட்டும். அந்தப் பெட்டிக்கும் அதற்கு முந்தைய பெட்டிக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று அது சொல்லாது. போனிலிருந்து கடைசிப் பெட்டி, அங்கிருந்து நடுப்பெட்டி, அங்கிருந்து முதல் பெட்டி, அங்கிருந்து ஃபைபர் மோடம், அப்புறம்தான் கம்பெனி. ஐந்து கண்ணி. எது அறுந்தாலும் அக்காவுக்குத் தெரிவது ஒரே வரிதான்.

மோடத்தில் லேப்டாப்பை கம்பியால் நேராகச் செருகிப் பார்த்தேன். ஓடியது. டிக். முதல் பெட்டி பக்கத்தில் நின்று போனில் பார்த்தேன். ஓடியது. டிக். கூடத்தில் நடுப்பெட்டி அருகே சுமார். மிச்சம் நின்றது மூன்றாவது. அது பின்னறையில், ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால். ஏன் அங்கே? ப்ளக் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது காரணம், 'சிக்னல் கிடைக்காத இடத்துக்கு ஒரு பெட்டி' என்று விளம்பரத்தைப் பார்த்து நாமெல்லாம் நம்புவது.

அங்கேதான் கோளாறு. சிக்னல் செத்துப்போன இடத்தில் வைத்தால் பெட்டியும் பட்டினிதான் கிடக்கும். அது எங்கிருந்தோ வாங்கித்தானே போனுக்குக் கொடுக்க வேண்டும்? அந்தப் பெட்டியை அணைத்துவிட்டு, அதே இடத்தில் நடுப்பெட்டியின் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று இலவச ஆப் ஒன்றில் பார்த்தேன். மைனஸ் 80. நடுப்பெட்டி பக்கத்தில் மைனஸ் 50. முப்பதுதானே வித்தியாசம் என்று தோன்றும். இந்த அளவையில் பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீடியோ காலுக்கு மைனஸ் 67-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது என்பார்கள். போதாததற்கு, ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கிற பெட்டி, வாங்கும்போது கொடுக்க முடியாது. ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அக்கா வீட்டில் இரண்டு தாவல்.

இதெல்லாம் கம்பெனிக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. பதினோரு மொழி, தமிழ் கிடையாது. அந்தப் பக்கத்தில் இருப்பதை அட்டையில் போட்டால் மூன்று பெட்டி விற்காது என்பது மட்டும்தான் என் சந்தேகம்.

*

கஸ்டமர் கேர் கதை தனி. கை உடைவதற்கு பதினைந்து நாள் முன்பு அக்கா போன் செய்திருக்கிறாள். ஹிந்தி, இங்கிலீஷ், காத்திருப்பு இசை எல்லாம் தாண்டி ஒருவர் கிடைத்து, "ரீசெட் பண்ணிடுங்க மேடம்" என்றாராம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் ஊசியால் பின்பக்கத் துளையை அமுக்கினான்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. முன்னது தூங்கி எழுவது. பின்னது பெயர், ஊர் எல்லாம் மறந்து மறுபிறவி எடுப்பது. இந்தப் பக்கத்து மக்களுக்கு ரீசெட் புதிதல்ல. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002 மார்ச்சில் 'வேண்டாம்' என்று திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் விலாசம், முத்திரை, போர்டு எல்லாவற்றையும் மாற்றி எழுதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ரீசெட் என்றால் என்னவென்று.

பையன் புத்திசாலி. எல்லாவற்றையும் மறுபடி இணைத்தான். ஆப் 'கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா?' என்று கேட்டது. யார் வேண்டாம் என்பார்கள்? டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று மாறியது. அது 2018-ல் வந்த பூட்டு. வாசலில் மகன் மாட்டியிருந்த கேமரா பழசு. அதனிடம் இருப்பது டபிள்யூ.பி.ஏ.2 சாவி. சத்தமில்லாமல் கழன்றுகொண்டது.

அக்கா விழுந்த ராத்திரி சென்னையில் மகன் கேமராவைத் திறந்து பார்த்திருக்கிறான். கடைசிப் படம் பதினைந்து நாள் முந்தையது. அம்மா கோலம் போட்டுக்கொண்டிருக்கும் படம்.

ஆனால் பெட்டியின் ஆப் அந்தப் பதினைந்து நாளும் பச்சை டிக் காட்டியது. 'எல்லாம் நலம், 6 கருவிகள் இணைப்பில்.' வந்தவர்களை மட்டும் எண்ணுகிற வருகைப் பதிவேடு அது. வகுப்பில் மொத்தம் ஏழு பேர் என்பது அதற்குத் தெரியாது. ரீசெட்டில் பெயர்ப் பட்டியலே அழிந்துவிட்டதே! விமர்சகனாக எனக்கு இந்தப் பெட்டியின் மேல் இருக்கும் ஆகப்பெரிய கோபம் இதுதான். வேகம் குறைவது மன்னிக்கக்கூடிய குற்றம். தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லாமல் பச்சை விளக்கு காட்டுவது வேறு ரகம்.

கேமராவைத் திரும்பச் சேர்ப்பது பத்து நிமிட வேலை. பூட்டை, இரண்டு சாவிக்கும் திறக்கிற மாதிரி மாற்றினேன். அந்தக் கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் காது கேட்கும். ஆகவே அந்த அலைவரிசையில் தனிப் பெயரில் ஒரு நெட்வொர்க். மோடமும் தன் பங்குக்கு ஒரு வைஃபை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி. போன் சில நேரம் அதிலும் சில நேரம் இதிலும் போய் ஒட்டிக்கொண்டது. அதை அணைத்தேன்.

*

மறுநாள் அரியலூர் போனேன். பெரம்பலூரில் ரயில் கிடையாது, பஸ்தான். அங்கே சிமென்ட் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். ஊரே ஒரு காலத்தில் கடல். டைனோசர் காலத்துக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்றைக்குத் தோண்டி சிமென்ட் ஆக்குகிறார்கள். அந்த சிமென்ட் நம் வீட்டுச் சுவராகி வைஃபையைத் தடுக்கிறது.

நண்பர் வீட்டிலும் இதே கம்பெனிப் பெட்டி. மாடி, கீழ்வீடு, மொட்டைமாடி அறை எங்கும் பிரமாதமாக ஓடுகிறது. ரகசியம் கேட்டேன். சிரித்துக்கொண்டே வெளிச்சுவரைக் காட்டினார். கரண்ட் பைப் பக்கத்திலேயே இன்னொரு பிவிசி பைப். உள்ளே நெட்வொர்க் கேபிள். பெட்டியிலிருந்து பெட்டிக்குக் கம்பி.

"கம்பியில்லாததுக்குக் கம்பியா சார்?" என்றேன்.

"பம்ப் செட்லேர்ந்து வயலுக்குத் தண்ணி காத்துலயா போகுது? பைப்புலதானே போகுது. வயலுக்கு வந்தப்புறம் பாத்தி கட்டிக்க வேண்டியதுதான்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அந்தக் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். இங்கே 'வரை' என்பது நாணயமான 'வரை'. வாடகை வீட்டில் சுவரைத் தொட விடமாட்டார்கள் என்றால் கம்பியில்லா மெஷ் நல்லதுதான், மறுக்கவில்லை. அப்போதும் பெட்டியை செத்த இடத்தில் வைக்காமல், பாதி வழியில், பீரோ, கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி மறைக்காமல் வைக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது விற்கிறவர்.

மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் தந்த கண்ணாடி இழைத் திட்டத்துக்கு 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்க 2018-ல் தனி நிறுவனமே தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் இழை இழுக்கிறவர்கள் கூட மண்ணுக்குள்ளோ மின்கம்பத்திலோ கம்பியைத்தான் நம்புகிறார்கள். வாசலில் இருந்து அடுப்படிக்கு மட்டும் காற்றை நம்பு என்கிறது அட்டைப்பெட்டி.

கல்லூரியில் எங்களுக்கு வணிகச் சட்டம் நடத்திய பேராசிரியர், 'வாங்குகிறவனே, உஷார்' என்பதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வகுப்பில் 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. எதற்காக வாங்குகிறேன் என்று விற்கிறவரிடம் சொல்லி, அவர் திறமையை நம்பி வாங்கினால், அந்தச் சரக்கு அந்த வேலைக்கு லாயக்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது "மெஷ் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "தொண்ணூறு அடி நீள வீடு, நாலு சுவர், கடைசி அறையில் வீடியோ கால் ஓடணும், இது ஓடுமா?" என்று கேளுங்கள். பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பர்ஸை உள்ளே வையுங்கள். எழுதிக் கொடுத்தும் ஓடவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

அக்கா வீட்டுக்கு வயர்மேன் தம்பி வந்தார். வெளிச்சுவர் ஓரமாக இருபத்தைந்து மீட்டர் கேபிள், பைப், கிளிப், கூலி எல்லாம் சேர்த்தும் ஒரு பெட்டியின் விலை ஆகவில்லை. முன்னறையில் ஒன்று, பின்னறையில் பீரோவுக்கு வெளியே ஒன்று. நடுப்பெட்டியை எடுத்துவிட்டும் கூடத்தில் நன்றாகவே ஓடுகிறது. ஒரே ஒரு குறை. வாசலில் பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போனால் போன் சில சமயம் பழைய பெட்டியையே பிடித்துத் தொங்குகிறது. எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான், பெட்டியில்லை. போனில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிறது. அதை அக்காவே செய்துகொள்கிறாள், இடது கையால்.

மூன்றாவது பெட்டி துணியில் சுற்றி பீரோவுக்குள் இருக்கிறது. "திருப்பிக் கொடுத்தா காசு தருவானா தம்பி?" என்று நேற்று போனில் கேட்டாள். மிக்ஸி ஜார் காலத்துக் குரல் அது. பில்லைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.