800 சரிதான், மற்ற எண்கள்? 3018 குட்டி மில்லிங் மெஷினின் மோட்டார்கள்

3018 என்ற பெயரிலேயே மெஷினின் அளவு இருக்கிறது. மேடை 30 செ.மீ.க்கு 18 செ.மீ. மரத்தில் பெயர் செதுக்க, அக்ரிலிக் வெட்ட, வீட்டிலேயே சர்க்யூட் போர்டு கீற என்று பலரும் இதை வாங்குகிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிண்டிலின் வேகத்தையும் சட்டத்தின் உறுதியையும்தான் பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்டது அதை நகர்த்தும் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்களை. எந்தப் பொருளையும் மாற்றாமல், மோட்டார் அமைப்பை மட்டும் ஒழுங்காகச் செய்தால் இது வேறு மெஷினாகிவிடுகிறது.

என்னிடம் இருப்பது 3018 சட்டம், நெமா 17 மோட்டார்கள், அர்டுயினோ உனோ, அதன்மேல் சிஎன்சி ஷீல்டு, மூன்று ஏ4988 டிரைவர், 24 வோல்ட் பவர் சப்ளை. மென்பொருள் ஜிஆர்பிஎல் 1.1. நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009-இல் தொடங்கிய இந்த இலவச நிரல் 32 கிலோபைட் மெமரிக்குள் அடங்கிவிடுகிறது. அதன் கச்சிதம் இன்றும் எனக்கு வியப்புதான்.

முதல் வேலை கரண்ட். ஏ4988 போர்டின் மூலையில் கடுகளவு ட்ரிம்பாட் ஒன்று இருக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்டின் உச்சவரம்பை அதுதான் தீர்மானிக்கிறது. அளக்கும் வழி எளிது: மல்டிமீட்டரின் கருப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையை முதலைக் கிளிப்பால் ஸ்க்ரூடிரைவரின் கம்பியோடு பிடித்துவிட்டால், திருகத் திருக வோல்டேஜ் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆபத்து. சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கருப்பு ரெசிஸ்டர்கள் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆர்100 என்றிருந்தால் 0.1 ஓம், ஆர்050 என்றிருந்தால் 0.05 ஓம். கணக்கு இதுதான்: வேண்டிய ஆம்பியர், பெருக்கல் 8, பெருக்கல் அந்த ஓம். ஆர்100 போர்டில் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். அதே 0.8 வோல்ட்டை ஆர்050 போர்டில் வைத்தால் 2 ஆம்பியர். மோட்டாரும் டிரைவரும் சேர்ந்து அழும். இரண்டு வகை போர்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், கடைக்காரர் எதைப் பொட்டலம் கட்டினார் என்பதை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

மோட்டாரில் 1.3 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் நான் 1 ஆம்பியரில் நிறுத்தினேன். ஏ4988-க்கு அதற்குமேல் ஹீட்சிங்க்கும் ஃபேனும் வேண்டும். சித்திரை மாதத்து மொட்டைமாடி அறையில் ஃபேன் இருந்தாலும் சந்தேகம்தான். சூடு அளவுக்கு மீறினால் சிப் தானாகவே ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி ஓடும். நிரலுக்கு அது தெரியாது. மோட்டார் எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்ல இதில் எந்த ஏற்பாடும் இல்லை. அனுப்பிய படிகள் எல்லாம் நடந்துவிட்டன என்று நம்பி அது வேலையைத் தொடரும், வெட்டு மட்டும் இடம் மாறிப்போயிருக்கும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்குவதும் டிரைவரைக் கொல்லும்.

அடுத்தது ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை படி என்பது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. ஷீல்டில் டிரைவருக்கு அடியில் மூன்று ஜம்பரையும் போட்டால் ஏ4988 ஒவ்வொரு படியையும் 16 துண்டாக்கும், ஆக 3,200. டி8 ஸ்க்ரூ ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்தினால் விடை 800. ஆனால் எல்லா டி8 ஸ்க்ரூவும் 4 மி.மீ. இல்லை. நுனியைப் பாருங்கள்: இரண்டு மரை தொடங்கினால் 4, நான்கு தொடங்கினால் 8. ஜிஆர்பிஎல்லில் வழக்கமாக வரும் மதிப்போ 250. அதை மாற்றாமல் 10 மி.மீ. நகரச் சொன்னால் 3.125 மி.மீ.தான் நகரும்.

800 போட்ட பிறகும் வெர்னியரை வைத்துக்கொண்டு அதை 797.6, 801.3 என்று செதுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெல்ட் ஓட்டும் மெஷினில் அது சரி. ஸ்க்ரூவில் வித்தியாசம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நட்டின் தொளதொளப்பையும் அளந்த கையையும்தான். இரண்டு முறையும் ஒரே திசையிலிருந்து வந்து அளந்து பாருங்கள், பாதிப் பிழை காணாமல் போகும்.

ஏ4988-ஐக் கழற்றிவிட்டு 32 துண்டாக்கும் டிஆர்வி8825 போட்டால் துல்லியம் இரட்டிப்பாகும் என்பதும் அப்படித்தான். 16-இல் ஒரு துண்டு நகர்வு தரும் உந்துதல் மோட்டாரின் முழுப்பிடியில் பத்தில் ஒரு பங்குதான், 32-இல் அதிலும் பாதி. நட்டின் உராய்வே அதைத் தின்றுவிடும். தவிர, உனோவில் ஜிஆர்பிஎல் ஒரு விநாடிக்குச் சுமார் 30,000 படிதான் அனுப்பும். 800 படி கணக்கில் நிமிடத்துக்கு 2,000 மி.மீ. ஓட 26,667 படி போதும். 1,600 என்றால் வேகம் பாதியாகிவிடும். 16 போதும்.

இனி வருவதுதான் மெஷினின் குணத்தையே மாற்றும் இடம்: ஜிஆர்பிஎல் அமைப்புகளில் $110 முதல் $112 வரையுள்ள உச்சவேகம், $120 முதல் $122 வரையுள்ள முடுக்கம். வேகத்தை எல்லோரும் தொடுகிறார்கள், முடுக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஜிஆர்பிஎல்லின் வழக்கமான முடுக்கம் விநாடிக்கு விநாடி 10 மி.மீ. நீங்கள் நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகம் கேட்டால் அதை எட்டவே கிட்டத்தட்ட 14 மி.மீ. ஓட வேண்டும். சர்க்யூட் போர்டில் ஒரு தடம் 5 மி.மீ. நீளம் என்றால் அது 424-ஐத் தாண்டாது. கணினித் திரையில் 1,000 என்று காட்டும், மெஷின் ஊர்ந்துகொண்டிருக்கும். முடுக்கத்தை 100 ஆக்கினால் 1.4 மி.மீ.க்குள் அந்த வேகம் வந்துவிடும். போர்டு கீறும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது இந்த ஒரு மாற்றத்தில்தான்.

எல்லையைக் காதால் கண்டுபிடிக்கலாம். ஒரு அச்சை இருபுறமும் ஓடவிட்டு வேகத்தைப் படிப்படியாக ஏற்றினால் ஓரிடத்தில் சுருதி உடைந்து, மோட்டார் நின்ற இடத்திலேயே கீச்சென்று நடுங்கும். எக்ஸ் அச்சில் என் மெஷின் 1,800-ஐ ஒட்டித் திணறியது. நான் வைத்திருப்பது 1,200. வெட்டும்போது வரும் எதிர்ப்புக்கு அந்த இடைவெளி வேண்டும். ஸ்பிண்டிலைத் தூக்கும் இசட்டுக்கு 800 போதும், முடுக்கம் 50.

$1-ஐ 255 ஆக்குங்கள். வழக்கமான 25-இல், நின்ற 25 மில்லி விநாடியில் மோட்டார் பிடியை விட்டுவிடும். அப்போது அது பக்கத்து முழுப்படிக்கு நழுவிவிடலாம். 255-இல் மோட்டார் சூடாகவே இருக்கும். கை வைக்க முடிகிறவரை கவலை இல்லை.

திசை தலைகீழாக இருந்தால் $3. ஆனால் ஒய் அச்சில் மாற்றுவதற்கு முன் யோசியுங்கள். 3018-இல் ஒய்யில் நகர்வது மேடை. பிளஸ் என்றால் மேடை உங்களை நோக்கி வர வேண்டும், அதுதான் சரி. மாற்றிவிட்டால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரும்.

சத்தமில்லாத டிஎம்சி2209 டிரைவர் வாங்கலாமா என்று கேட்பார்கள். 3டி பிரிண்டருக்கு அருமை. இங்கே 775 ஸ்பிண்டில் அலறுகிற அலறலில் ஸ்டெப்பரின் முணுமுணுப்பு யார் காதில் விழப்போகிறது? அந்தக் காசுக்கு டிரைவர்களுக்கு ஃபேனும் மூன்று லிமிட் சுவிட்சும் வாங்குங்கள்.

மோட்டார்களைப் பொறுத்தவரை 3018-இல் குறை சொல்ல அதிகமில்லை. மரம், அக்ரிலிக், செம்புத் தகடு மூன்றுக்கும் இவற்றின் வலு தாராளம். அலுமினியத்தில் முதலில் வளைந்து கொடுப்பது சட்டமும் இசட் அச்சும்தான், அதற்குப் பெரிய மோட்டார் போட்டுப் பயனில்லை. எண்களோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்கள் அமைத்துத் தரும் கடையில் வாங்கலாம். அப்போதும் $$ என்று அடித்து வரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். லிமிட் சுவிட்ச் மாட்டும்போது மட்டும் ஷீல்டில் அச்சடித்ததை நம்ப வேண்டாம். ஜிஆர்பிஎல் 1.1-இல் இசட் சுவிட்ச் 12-ஆம் பின்னுக்குப் போய்விட்டது. பழைய ஷீல்டில் ஸ்பிண்டில் என்று எழுதியிருக்கும் இடம் அது.