ஒசூரின் திரை அச்சும் காணாமல்போன சுவரொட்டியும்

ஒசூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் எனும் திரை அச்சை வாழவைத்தவை தொழிற்சாலைகள்தாம். 1980களில் டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் வந்தன. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றித் துணைத் தொழில்கள் பெருகின. கண்ட்ரோல் பேனல் எண்கள், வண்டி ஸ்டிக்கர், எச்சரிக்கைத் தகடு ஆகியவற்றுக்குத் திரை அச்சுதான் தோது. ஆஃப்செட்டில் மை ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுக்குத்தான் ஏறும். திரையில் 10, 20 மைக்ரானைச் சாதாரணமாகத் தாண்டும். வெயில் அடித்தாலும் எண்ணெய்க்கை பட்டாலும் எழுத்து நிற்பது அதனால்தான்.

இவ்வளவு கைத்திறன் குவிந்திருக்கும் ஊரில் திரையில் அச்சான சுவரொட்டி ஒன்றைக் காண முடிவதில்லை. ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் சிவகாசி ஆஃப்செட். ஒன்று போதுமென்றால் ஃபிளெக்ஸ். ஆலை வாசல் கூட்டம், பள்ளி நாடகம், புத்தக வெளியீடு இவற்றுக்குத் தேவைப்படுவது ஐம்பதோ இருநூறோ. அந்த இடம் திரை அச்சுக்கே உரியது. 1968 மே மாதம் பாரிசின் நுண்கலைப் பள்ளியைக் கைப்பற்றிய மாணவர்கள் முதலில் லித்தோவில் (கல் அச்சில்)தான் அச்சிட்டார்கள். வேகம் போதாமல் திரைக்கு மாறிய பிறகே நகரச் சுவர்கள் நிறைந்தன. பெரும்பாலும் ஒரே நிறம், நான்கைந்து சொல்.

அந்தச் சிக்கனம்தான் இம்முறையின் பெரிய பலம் என்பேன். நிறத்துக்கு ஒரு திரை என்பதால் மூன்றாவது நிறத்தைச் சேர்க்குமுன் வடிவமைப்பவர் யோசித்தே ஆகவேண்டும். ஃபிளெக்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை; முப்பது முகங்களை அடுக்கினாலும் செலவு அதேதான். எதை விடுவது என்ற கேள்வியே எழாத இடத்தில் வடிவமைப்பு வளராது. அளவுக்கும் வரம்பில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து நிலைகுலைந்த இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததை நாம் மறக்கக்கூடாது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ் எழுத்தின் புள்ளியைக் கவனியுங்கள். திரையில் பூசிய எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சுக்கு வெளிச்சம் காட்டும் எக்ஸ்போஸ் கூடினால், அந்தச் சின்ன இடத்தில் அது இறுகிவிடும், தண்ணீரில் கரையாது. மை இறங்க வழியில்லாமல் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். குறைந்தாலோ ஓரம் பிய்ந்து புள்ளி கறையாகப் பரவும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தாளில் வரவேண்டிய எல்லை ஊரில் கன்னட ஒத்தெழுத்துகளுக்கும் இதே கதிதான். நெருக்கமான மெஷ் (வலைத்துணி), தடித்த எழுத்துரு, சரியான எக்ஸ்போஸ் மூன்றும் கூடினால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் எழுத்துருவைத் தேர்பவர் டிடிபி மேசையிலும், மை தள்ளும் ஸ்குவீஜியை இழுப்பவர் பின்கட்டிலும் இருக்கிறார்கள். இருவரும் பேசிக்கொள்ளாததால் அதே பிழை அடுத்த ஆர்டரிலும் வருகிறது.

இதைவிடப் பெரிய குறை ரசாயனம். எமல்ஷனில் கலக்கும் பைக்ரோமேட்டில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. தோல் வெடிக்கும், புற்றுநோய் ஆபத்தும் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் தின்னர் ஆவியை நாள் முழுக்கச் சுவாசிப்பதும், கழுவிய நீரைச் சாக்கடையில் விடுவதும் கைவினை என்ற பெயரால் மன்னிக்கத்தக்கவை அல்ல. பைக்ரோமேட்டுக்கு மாற்றாக டயசோ எமல்ஷன் இருக்கிறது. தாளுக்கும் துணிக்கும் நீர்சார்ந்த மை இருக்கிறது. விலை சற்றுக் கூடுதல் என்பதைத் தவிர, சுவரொட்டிக்கு அவற்றைப் பயன்படுத்தாமலிருக்க எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அந்தக் கூடுதல் விலையை அச்சுக்கூடத்துக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி நடத்துவோரும், ஒசூரின் தொழிற்சங்கங்களும், பள்ளிகளும் அடுத்த நிகழ்ச்சிக்கு நூறு சுவரொட்டிகளை உள்ளூர்த் திரையில் அச்சிடட்டும். பைக்ரோமேட் வேண்டாம், கையுறை வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்து, அதற்கான காசையும் சேர்த்தே கொடுக்கட்டும்.