குகையில் நடந்ததும் கிளப்பில் நடந்ததும்

குற்றம் நடந்ததா என்று ஆராய ஆண்டுகள் பல ஆகலாம். குற்றவாளி யார் என்று கூறிவிட, ஊருக்கு ஒரு மாலைப்பொழுது போதும்! அதிலும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் பெண்ணொருத்தி புகார் கூறி, புகாருக்குள்ளானவர் பெயர் பெற்றவராகவும் இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டியதில்லை. காலையில் செய்தி வருகிறது. நண்பகலில் கட்சிகள் பிறக்கின்றன. அந்தி சாயுமுன் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

"அவரா? அவர் அப்படிச் செய்யக்கூடியவர் அல்லவே!" என்கிறது ஒரு கட்சி. "அவன்தானே? செய்திருப்பான்!" என்கிறது எதிர்க்கட்சி. "அவளா? அவள் யோக்கியதை நமக்குத் தெரியாதா?" என்று மூன்றாவது குரலும் கிளம்புகிறது. இம்மூன்று குரல்களையும் உற்றுக் கேளுங்கள், தோழர்களே! மூன்றிலும் 'யார்' என்ற கேள்வி இருக்கிறது. 'என்ன நடந்தது' என்ற கேள்வியோ எதிலும் இல்லை!

இந்த நோயை நாடி பிடித்துக் காட்டிய நாவல் ஒன்றுண்டு. ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924-ல் வெளியிட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' என்பது அது. வெள்ளையர் ஆட்சியின் ஆணவத்தைச் சாடிய நூல் என்று அதனைப் பலர் புகழ்ந்துள்ளனர். புகழ்ச்சி பொருத்தமானதே. எனினும், நூறாண்டு கடந்த அந்நூலை நாம் இன்று எடுத்துப் பேசுவது ஆட்சியின் கதைக்காக அன்று. அதில் நடக்கும் வழக்குக்காக.

சந்திரபூர் என்ற கற்பனை ஊர். அங்கே டாக்டர் அசீஸ் என்ற இந்திய மருத்துவர். இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய அடேலா க்வெஸ்டட் என்ற மங்கையையும், மூர் அம்மையார் என்ற மூதாட்டியையும் மராபார் குகைகளைக் காண அழைத்துச் செல்கிறார் அவர். ஒரு குகையிலிருந்து பதறி ஓடுகிறாள் அடேலா. அசீஸ் தன்னிடம் முறைகேடாக நடக்க முயன்றார் என்று புகார் எழுகிறது. ஊர் திரும்பிய அசீஸ், ரயில் நிலையத்திலேயே கைது செய்யப்படுகிறார்.

குகையிலே நடந்தது என்ன? ஆசிரியர் கடைசிவரை விண்டுரைக்கவில்லை. ஆனால், கிளப்பிலே நடந்ததைத் தெளிவாகச் சொல்கிறார்! இந்தியர் எவரும் உறுப்பினராக முடியாத அந்த வெள்ளையர் கிளப்பில், அன்று மாலையே எல்லோரும் கூடுகின்றனர்; குமுறுகின்றனர். விசாரணை என்பது இனி வெறும் சடங்கு. தீர்ப்போ அங்கேயே முடிந்துவிட்டது! அசீஸ் குற்றமற்றவர் என்று தாம் நம்புவதாக எழுந்து கூறும் கல்லூரி முதல்வர் ஃபீல்டிங் ஒருவரே வேறுபட்டு நிற்கிறார். அவரும் கிளப்பை விட்டு வெளியேற நேரிடுகிறது. ஆதாரம் என்ன என்று கேட்பதே அங்கு துரோகம்!

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அடேலாவுக்காகக் கண்ணீர் வடிக்கிறது கிளப். ஆனால், நோயுற்றுக் கிடக்கும் அப்பெண்ணின் அருகே அமர்ந்து, 'அம்மா, நடந்ததை உன் வாயால் சொல்' என்று அமைதியாகக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. சில நாட்களில் அவளுக்கே ஐயம் பிறக்கிறது. அசீஸ் குற்றமற்றவராக இருக்கலாம் என்று தன்னை மணக்கவிருக்கும் ரோனியிடம் சொல்லிப் பார்க்கிறாள். அவனோ நகர மாஜிஸ்திரேட்! அப்படிப் பேசலாகாது என்று அடக்குகிறான். வழக்கு நடந்தே தீரவேண்டும் என்கிறான். ஆக, புகார் கூறியவளின் பெயரால் ஆர்ப்பரித்த கூட்டம், புகார் கூறியவளின் குரலையே அடைத்தது! அவள்மீது கொண்ட அன்பா அது? அல்ல, அல்ல! அவள் அவர்களுக்கு ஒரு கொடி. கொடி பேசலாமா?

போலீஸ் அதிகாரி மக்பிரைடின் மேசையைப் பாருங்கள். அசீசின் வீட்டிலிருந்து கைப்பற்றிய கடிதங்கள் அங்கே இருக்கின்றன. விலைமாதர் விடுதி நடத்துபவராகத் தோன்றும் நண்பர் ஒருவரிடமிருந்து வந்த கடிதம் ஒன்று. பெண்ணொருத்தியின் புகைப்படம் ஒன்று. ஆகா, அகப்பட்டது சான்று என்று மகிழ்கிறார் அதிகாரி. அந்தப் புகைப்படம் அசீசின் மறைந்த மனைவியுடையது! குகையில் நடந்ததை மெய்ப்பிக்க, குகைக்குத் தொடர்பே இல்லாத பழைய வாழ்வைத் துழாவுகிறார்கள். வழக்கு மன்றத்திலோ, கறுத்த இனத்தவர் வெளுத்த இனத்தவர்பால் ஈர்க்கப்படுவர், வெளுத்தவர் கறுத்தவர்பால் ஈர்க்கப்படார் என்று 'விஞ்ஞானம்' பேசுகிறார் அதே மக்பிரைட். பிறப்பைச் சொன்னால் போதும், குற்றம் தானே விளங்கும் என்பது அவர் வாதம்.

இன்னொரு காட்சி. அடேலாவுக்குக் காற்று வேண்டுமென்று, நீதிபதியின் மேடைமீது அவளுக்கு நாற்காலி கேட்கிறார்கள். அவள் பின்னாலேயே வெள்ளையர் கூட்டம் முழுவதும் மேடையேறி அமர்ந்துவிடுகிறது! எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மறுப்புக் கூறிய பிறகே, கீழே இறங்குமாறு நீதிபதி தாஸ் பணிக்கிறார். பொதுமக்கள் கருத்து எங்கே அமர வேண்டும், எங்கே அமரக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

ஃபார்ஸ்டர் ஒரு பக்கத்தை மட்டும் சாடி நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மக்பிரைடின் வாதத்தைக் கேட்ட இந்தியர் பகுதியிலிருந்து ஒரு குரல், அந்தப் பெண் அழகற்றவள் என்பதைச் சுட்டி ஏளனம் செய்கிறது. அசீசே, அழகில்லாதவள் தன்மீது பழி சுமத்தினாளே என்றுதான் அருவருக்கிறார். வெள்ளையர் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தனர். நம்மவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தனர். இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாமே! அழகிக்குத்தான் தீங்கு நேரும் என்று எந்த அறிவு சொல்லிற்று?

முடிவில், சாட்சிக் கூண்டில் நின்ற அடேலா, அசீஸ் தன் பின்னே குகைக்குள் வரவில்லை என்று சொல்லிவிடுகிறாள். அசீஸ் விடுதலை பெறுகிறார். நேற்றுவரை அவளுக்காக அழுத கிளப் இன்று அவளைத் தள்ளி வைக்கிறது. திருமண ஏற்பாடும் முறிகிறது. தன் இனமே திரண்டு நிற்க, தன் பேச்சைத் தானே மறுத்து உண்மை சொன்ன அந்தப் பெண்ணின் துணிவை நாம் வியக்கிறோம்.

கிளப் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். நாவல் வெளியாகி ஏழே ஆண்டுகளில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அது நடந்து காட்டியது. 1931 மார்ச் 25-ஆம் நாள், சரக்கு ரயிலில் சென்ற கறுப்பின இளைஞர் ஒன்பது பேர்மீது இரு வெள்ளைப் பெண்கள் புகார் கூறினர். ஸ்காட்ஸ்பரோ நகரில் கூட்டம் கொதித்தது. சில நாட்களிலேயே வழக்கு நடந்து முடிந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை! தக்க வழக்கறிஞர் துணை அவர்களுக்குக் கிட்டவில்லை என்று கூறி, 1932-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளியது. 1933-ல் அப்பெண்களில் ஒருத்தியே வந்து, புகார் பொய் என்று சாட்சி சொன்னாள். அப்போதும் ஜூரிகள் குற்றவாளி என்றே கூறினர்! அத்தீர்ப்பைத் தள்ளிய நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், 1934 தேர்தலில் தம் பதவியையே இழந்தார். மரண தண்டனை எவருக்கும் நிறைவேறவில்லை. ஆனால், அவர்களுடைய இளமை சிறையில் கழிந்தது. எஞ்சிய மூவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2013-ல். அப்போது அவர்கள் உயிரோடு இல்லை.

"பார்த்தீர்களா, பெண்கள் பொய்ப் புகார் கூறுவார்கள் என்பதற்கு இவைதாமே சான்று!" என்று துள்ளி எழும் நண்பர்களைச் சற்று அமரச் சொல்கிறோம். அவர்கள் கிளப்பின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைகிறார்கள்! பெண் சொன்னாள் என்பதற்காகவா கிளப் நம்பியது? இல்லை. கறுத்தவன்மீது சொன்னாள் என்பதால் நம்பியது. துப்புரவுத் தொழில் செய்யும் இந்தியப் பெண் ஒருத்தி, வெள்ளை அதிகாரி ஒருவர்மீது அதே புகாரைக் கூறியிருந்தால் கிளப் கூடியிருக்குமா? ஃபார்ஸ்டர் இக்கேள்வியைக் கேட்கவில்லை. அவருடைய நூலில் இந்தியப் பெண் திரைக்குப் பின்னாலேயே இருக்கிறாள். இது அந்நூலின் குறை என்று கூறத் தயங்கமாட்டோம். அவர் விட்ட கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். விடை, நம் நாட்டு வழக்கு மன்றங்களிலேயே இருக்கிறது.

இராசஸ்தானத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற சமூகப் பணியாளர் பன்வாரி தேவி. அதற்காகவே 1992-ல் தாம் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாக, வெளிப்படையாக நின்று அவர் நீதி கேட்டார். 1995-ல் செய்ப்பூர் நீதிமன்றம், வன்கொடுமைக் குற்றத்திலிருந்து எதிரிகளை விடுவித்தது. உயர்ந்த சாதியார் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொடமாட்டார் என்ற பொருளில் அமைந்த காரணம் நாடெங்கும் கண்டனத்துக்குள்ளாயிற்று. தோழர்களே, மக்பிரைடின் 'விஞ்ஞானம்' நினைவுக்கு வருகிறதா? அவர், 'கறுத்தவன், ஆகவே செய்திருப்பான்' என்றார். இங்கே, 'உயர்ந்தவன், ஆகவே செய்திருக்கமாட்டான்' என்றனர். ஒரே நாணயம், இரு பக்கங்கள். ஒரு பக்கத்தில் நிறம். மறு பக்கத்தில் சாதி. சான்று எந்தப் பக்கத்திலும் இல்லை!

நம் தமிழகத்திலும் இருக்கிறது எடுத்துக்காட்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் பழங்குடி ஊர். 1992 சூன் 20-ஆம் நாள், சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி அரசுப் படை உள்ளே நுழைந்தது. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்கள் சொன்னபோது எழுந்த பதில் என்ன? 'கடத்தல்காரர் பேச்சை நம்புவதா?' என்பதே! போராட்டங்களுக்குப் பின், உயர்நீதிமன்றம் தலையிட்டு மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள்! அவர்களுள் 17 பேர் வன்கொடுமைக் குற்றவாளிகள். 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 'யார்' என்று பார்த்தவர்கள் தோற்றனர். 'என்ன' என்று ஆராய்ந்தவர்கள் வென்றனர். ஆனால், 31 ஆண்டுகள்!

அசீசின் மேசைக் கடிதங்களை இகழ்ந்தோம். நம் சாட்சியச் சட்டத்திலும் அப்படியொரு மேசை இருந்தது. புகார் கூறிய பெண் ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி, அவள் சாட்சியத்தைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு இடமளித்த அந்த விதி, 2003-ல்தான் நீங்கியது. சட்டத்திலிருந்து நீங்கியது, நாவிலிருந்து நீங்கிற்றா? 'கற்பழிப்பு' என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்ததோ அவளுடைய கற்பாம்! பழியைச் சொல்லிலேயே பெண்ணின் தலையில் சுமத்திவிட்டு, பிறகு நியாயம் பேசுவது எங்ஙனம்? நாம் அச்சொல்லைக் கைவிடுகிறோம், நீங்களும் கைவிடுங்கள்.

"அப்படியானால், தீர்ப்பு வரும்வரை வாய்மூடி இருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. ஊர் வாய்மூடி இருந்திருந்தால் வாச்சாத்தி வழக்கு மன்றத்துக்கே வந்திராது. குரல் கொடுங்கள், எதற்கு என்பதே கேள்வி. புகாரைப் பதிவு செய் என்று கேளுங்கள். விரைந்து விசாரி என்று கேளுங்கள். புகார் கூறியவளை மிரட்டாதே, அவள் பெயரை அம்பலப்படுத்தாதே என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வழக்கறிஞரும் வாதாடும் உரிமையும் கொடு என்றும் கேளுங்கள். இவையெல்லாம் மக்கள் குரலின் கடமை. 'தூக்கிலிடு' என்பதும், 'அவள் பொய்யள்' என்பதும் மேடையேறி நீதிபதியின் அருகே நாற்காலி போடும் வேலை.

குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவனைக் குற்றவாளி என்று தண்டிக்கலாகாது. அதற்காக, புகார் கூறியவளைப் பொய்யள் என்று தண்டிக்க வேண்டுமா? வேண்டியதில்லை! அவளைக் கேட்பது அவனுக்கு அநீதி அன்று. அவனுக்கு வாய்ப்பளிப்பது அவளுக்குத் துரோகம் அன்று. இருவருக்கும் உரிய நியாயம் ஒன்றே: நேர்மையான விசாரணை.

இளைஞர்களே! எதிரி முகாமில் ஒருவர்மீது புகார் வரும்போது ஆதாரம் பேசுவது எளிது. நம்மவர் ஒருவர்மீது வரும் நாளில்தான் பகுத்தறிவுக்குத் தேர்வு. நாம் போற்றும் தலைவர், நாம் பாராட்டும் கவிஞர், நாம் கைதட்டும் நடிகர்மீது ஒருத்தி புகார் கூறினால், நம் நாவில் முதலில் வரும் சொல் எது? 'அவரா?' என்பதா, 'என்ன நடந்தது?' என்பதா? கிளப்புக்கு இன்று கட்டடம் தேவையில்லை. கையிலுள்ள கைப்பேசி போதும். ஃபீல்டிங் இழந்தது நண்பர்களை; ஹார்ட்டன் இழந்தது பதவியை. அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தவர்களே நியாயத்தைப் பற்றிப் பேச உரிமை உள்ளவர்கள். மேடையை விட்டு இறங்குவோம், சான்று பேசட்டும்!