தக்காணப் பாறை சாட்சி சொல்லுமா?

தக்காண எரிமலைப் பாறையின் காந்தத்தை வைத்து இந்தியா ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்ததை நிரூபித்தார்கள் என்று தமிழில் நிறைய பேர் எழுதுகிறார்கள். 1956-ல் க்ளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் வெளியிட்ட ஆய்வைத்தான் ஆதாரமா சொல்றாங்க. ஆய்வு அருமையானது. ஆனா அது இதைச் சொல்லாது.

பசால்ட் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள மேக்னடைட் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும் அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திசையின் சாய்வுக்கு டேன் எடுத்தால், அது அட்சரேகையின் டேனைப் போல இரண்டு மடங்கு. தக்காணத்தில் சாய்வு 50 டிகிரியை ஒட்டி இருக்கு. அப்படின்னா தெற்கே சுமார் 30 டிகிரி. இன்றைக்கு மும்பை வடக்கே 19-ல்!

கிடைப்பது அட்சரேகை மட்டும்தான், தீர்க்கரேகை இந்தக் கணக்கில் வராது. தவிர, இந்தப் பாறைக்கு வயசு 6.6 கோடி வருஷம். ஆப்பிரிக்காவை விட்டு இந்தியா கிளம்பியது அதற்குப் பல கோடி வருஷம் முன்னாடி. பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்த கல்யாணத்துக்குப் பேரன் சாட்சி சொல்ல முடியுமா?

இன்னொன்று. ஒரே குழம்படுக்கில் நூறு மாதிரி எடுத்தாலும் அது ஒரு கணத்தின் பதிவுதான். லாக் ஃபைலில் ஒரே வரியை நூறு தடவை படிப்பது மாதிரி. காந்தப்புலம் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் பல அடுக்குகளின் சராசரி வேணும்.

நம்ம பல்லாவரம் மலையையும் சிலர் எரிமலைக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது சார்னோகைட். ஆழத்தில் 580 டிகிரியைத் தாண்டி வெந்து உருமாறிய கல். அதற்கு முந்தைய காந்த நினைவு அதில் மிச்சமில்லை.