மூக்கு முந்தியது, அறிக்கை பிந்தியது

"ஜனங்களுக்குப் பத்திரிகை மேலயும் நம்பிக்கை இல்ல, விஞ்ஞானி மேலயும் நம்பிக்கை இல்ல" என்று புலம்பும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. பழி பெரும்பாலும் வாட்ஸ்அப் மீது விழும், இல்லாவிட்டால் படிக்காத கூட்டத்தின் மீது. யானைக்கவுனிக்காரனான எனக்கு இந்த வாதம் ஒட்டவில்லை. எங்கள் பேட்டையின் பெயரே பழைய மதிலின் ஒரு வாசல். அந்த மதிலுக்காகக் கும்பினி போட நினைத்த வரி வசூலாகவே இல்லை என்பார்கள்; வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. காகிதம் வேறு, தெரு வேறு என்பது இங்கே ரொம்பப் பழைய சங்கதி.

நம்பிக்கை போன கதைக்கு வட சென்னையில் தேதியோடு சாட்சி இருக்கிறது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசியவில்லை என்பதே துறைமுகத்தின் முதல் பேச்சு. அப்புறம் எர்ணாவூர் கரையில் தாராய் ஒதுங்கியதை ஆட்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. எங்களிடம் கசிவே இல்லை என்றது மணலி சி.பி.சி.எல். அந்த வளாகத்திலிருந்துதான் வந்தது என்று பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நிறுவனத்தின் அறிக்கையை ஒரு இலக்கியப் பிரதியாக வாசித்துப் பாருங்கள். குழாயில் ஏதோ 'மாறுபாடு' தெரிந்ததாம், சிலர் 'அசௌகரியம்' தெரிவித்தார்களாம், எல்லாம் சீக்கிரமே இயல்புக்குத் திரும்பியதாம். அசௌகரியம் என்பது பஸ்ஸில் சீட்டு கிடைக்காதவன் சொல்லும் வார்த்தை. மூச்சு முட்டி எழுந்தவனுக்கு அதைப் போட்டால், அவன் அறிக்கையை மட்டுமா சந்தேகிப்பான்? அதை அப்படியே அச்சடித்த பத்திரிகையையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பான்.

அடுத்து வாரியத்தின் அளவீடு வந்தது. ஆலை வாசலில் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். இருக்க வேண்டியது 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. அதாவது மூக்கு சொன்னதையே மிஷினும் சொன்னது. இந்த எண்ணை ஊர் மறுக்கவில்லை, பிடித்துக்கொண்டது. ஆக, அறிவியலை வெறுக்கும் ஜனங்கள் என்ற பேச்சு இங்கே செல்லாது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகம் பிந்தைய வரைபடத்தில் காணாமல் போனது 2017இல் வெளியே வந்ததே, அதுவும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்கிய காகிதத்தால்தான். வரைபடத்துக்காகச் சண்டை போடுகிறவனை அறியாமைக்காரன் என்று எப்படிச் சொல்வது? அவனுடைய கோபம் வரிசையின் மேல்: முதலில் மறுப்பு, அப்புறம் சமாதானம், கடைசியில்தான் எண்.

இதைச் சொன்னதும் "அப்ப எவனையும் நம்பாதே" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. போபால் ஆலை ஆபத்தானது என்று 1982லேயே எழுதிய ராஜ்குமார் கேஸ்வானி ஒரு பத்திரிகைக்காரர். அவரை நம்பாமல் விட்டது அதிகாரத்தில் இருந்தவர்கள்; 1984 டிசம்பரில் செத்தது ஆலைச் சுவரை ஒட்டி வாழ்ந்தவர்கள். சந்தேகத்தையே பழக்கமாக்கிக்கொண்டால் நாளைக்கு எண்ணூரில் சைரன் ஊதும்போது நிஜமான எச்சரிக்கையும் பொய்யாகத்தான் கேட்கும். வெளியே ஓடுவதா, கதவைச் சாத்துவதா என்று யார் சொன்னால் கேட்பது? நம்பிக்கை என்பது எங்களுக்கு நாகரிகப் பேச்சு கிடையாது. அது உயிர்ப் பிரச்சினை.

அதனால் கேட்பது கொஞ்சம்தான். முதல் அறிக்கையில் "இன்னும் தெரியவில்லை, அளந்துகொண்டிருக்கிறோம்" என்று எழுதுங்கள். அளந்த எண்ணை, அதற்கான வரம்போடு, அன்றைக்கே தமிழில் குப்பத்து முனையில் ஒட்டுங்கள். நிருபரும் அறிக்கைக்குப் பக்கத்திலேயே ஊரார் சொன்னதையும் போடட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று படிக்கிறவன் பார்த்துக்கொள்வான்.