டீசல் புஷருக்கு டீசல் போட எந்த வரிசை?

அமெரிக்காவில் மோட்டர்ஹோம் விமர்சனம் எழுதுபவர்கள் சோபா, சமையல் மேடை, டிவி எத்தனை அங்குலம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். டீசல் போடுவதைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். 40 அடி நீளம், பின்பக்கம் இன்ஜின், ஏர் பிரேக், வாலில் கட்டி இழுத்துவரும் ஒரு சின்னக் கார். இப்படியொரு டீசல் புஷரை ஓட்டிப் பார்த்ததில், அதன் குணம் நெடுஞ்சாலையைவிட பம்பில்தான் கூடுதலாகத் தெரிந்தது.

இந்த அளவு வண்டி கேலனுக்கு 7 முதல் 9 மைல் கொடுக்கும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர்கூட இல்லை. டேங்க் கொள்ளளவு பெரும்பாலும் 100 கேலன், அதாவது ஏறக்குறைய 380 லிட்டர். பெரிய மாடல்களில் 150 கேலன் வரை போகும். ஜெனரேட்டரும் இதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. டீசல் ஹீட்டர் வைத்த வண்டியில் அதுவும் சேர்த்தி. ஜெனரேட்டருக்குப் போகும் குழாயின் முனையைக் கால் டேங்க் மட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். இரவெல்லாம் ஏசி ஓடினாலும் காலையில் பங்க் வரை போக டீசல் மிஞ்சும். யோசித்துச் செய்த வேலை. ஆனால் முள் கால் டேங்கை நெருங்கினால் ஜெனரேட்டர் தானாக அணையும் என்பதால், பாதி இறங்கும்போதே பங்க் தேடத் தொடங்குவது நல்லது.

எந்தப் பங்க்? ஊருக்குள் கார்கள் நிற்கும் பங்க் வேண்டாம் என்பேன். கூரை உயரமும் திரும்ப இடமும் ஒரு பக்கம் இருக்கட்டும். பின்னால் கட்டிய கார்தான் பெரிய தலைவலி. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துவரும் காரோடு ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. முன்சக்கரங்கள் இஷ்டத்துக்குத் திரும்பி, இழுவைக் கம்பி வளைந்துவிடும். முட்டுச் சந்து மாதிரியான பம்பில் மாட்டினால், காரைக் கழற்றி ஓரம்கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். அதற்குள் பின்னால் நாலு ஹாரன் கேட்டுவிடும். கார்டில் பணம் கட்டினால் பல பம்புகள் ஒரு குறிப்பிட்ட தொகையோடு நின்றுவிடும். டேங்க் பாதியில் நிற்கும்போது மறுபடி கார்டு போட வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் அங்கே இருக்கிறது. டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் நாசில் மெலிது. அதனால் பெட்ரோல் காரில் டீசல் நாசில் நுழையாது. தலைகீழாக இந்தப் பாதுகாப்பு கிடையாது. டீசல் புஷரின் அகன்ற வாய் பெட்ரோல் நாசிலைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். பச்சைக் கைப்பிடி என்றால் டீசல் என்று நம்பவும் முடியாது. பிபி பங்குகளில் பெட்ரோலுக்கே பச்சை. நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படிக்க வேண்டும்.

ஆக, பைலட், ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்ற லாரி நிறுத்தங்களின் லாரி வரிசைதான் இந்த வண்டிக்குச் சரியான இடம். நேரே உள்ளே போய் நேரே வெளியே வரலாம். ஒவ்வொரு தடத்திலும் இரண்டு பக்கமும் பம்ப்: டிரைவர் பக்கம் முதன்மைப் பம்ப், மறுபக்கம் துணைப் பம்ப். லாரிக்கு இரண்டு பக்கமும் டேங்க் என்பதால் வந்த ஏற்பாடு இது. டீசல் புஷர்களில் டேங்க் ஒன்றே என்றாலும், பலவற்றில் முன்சக்கரத்துக்குப் பின்னால் இரு பக்கமும் மூடி வைத்திருக்கிறார்கள். படுக்கையறை எவ்வளவு பெரியது என்பதைவிட இதற்குத்தான் என் மதிப்பெண் அதிகம்.

லாரி பம்பின் திரை முதலில் மிரட்டும். கம்பெனி பெயர், லாரி எண், ஓடிய மைல் என்று கேட்கும். சொந்த மோட்டர்ஹோமுக்கு ஏதாவது எண்ணைத் தட்டிவிட்டு நகரலாம். கவனம் தேவைப்படும் கேள்வி ஒன்றுதான்: டிராக்டரா, ரீஃபரா? டிராக்டர், அதாவது இழுக்கும் லாரி, என்பதையே அழுத்துங்கள். ரீஃபர் என்பது குளிர்பதன டிரெய்லரின் இன்ஜினுக்கான டீசல். அதற்குக் கேலனுக்கு 24.4 சென்ட் மத்திய சாலை வரி இல்லை. வரி கட்டாத சிவப்புச் சாய டீசலோடு சாலையில் பிடிபட்டால் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது அபராதம்.

இனி வேகம். கார் பம்பைப் போல் சில மடங்கு வேகத்தில் டீசல் பாயும். 100 கேலன் டேங்குக்கு இது வரம்தான், ஆனால் டீசலுக்கு நுரைக்கும் சுபாவம் உண்டு. உயரத் தூக்கி ஆற்றிய காபி மாதிரி பொங்கி வாய்க்கு வந்துவிடும். நாசில் ‘நிறைந்துவிட்டது’ என்று ஏமாந்து டக்கென்று நிற்கும். மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் நீளமாகவும் படுத்தவாக்கிலும் இருந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் போட்டால் இன்னும் மோசம். ஒரு பக்கம் போதும். கைப்பிடியை முதல் கொக்கியில் மாட்டி மெதுவாக விடுங்கள். கடைசிப் பத்துக் கேலனைக் கையாலேயே பிடித்துப் போடுங்கள். ஒருமுறை உண்மையாக நின்றபின் மேலே ஊற்ற வேண்டாம். வெயிலில் டீசல் விரிந்து வழிந்தால் பளபளக்கும் பெயின்ட் வீண். கையுறை கட்டாயம், லாரி வரிசை நாசில்களில் பிசுக்கு இல்லாததை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது டெஃப். 2010 புகை விதிகளுக்குப் பிறகு வந்த இன்ஜின்களுக்குத் தேவைப்படும் யூரியாக் கரைசல், 32.5% யூரியா, மீதி நீர். லாரி வரிசையில் பம்பிலேயே கிடைக்கிறது. கேனில் வாங்குவதைவிட மலிவு. நாசிலும் சிறியது, மூடியும் நீலம், எனவே குழப்பம் குறைவு. குறை வண்டியில்தான். பம்பில் டெஃப் குழாய் பெரும்பாலும் டிரைவர் பக்கம் மட்டுமே இருக்கும். சில மோட்டர்ஹோம்களில் டெஃப் மூடி வாலருகே. டீசல் போட்டு முடித்து, வண்டியை முன்னே நகர்த்தி, மறுபடி இறங்க வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கான டாலர் வண்டியில் இது மன்னிக்க முடியாத அலட்சியம்.

முடிந்ததும் பம்ப் அருகிலேயே நின்று கண்ணாடி துடைக்காதீர்கள். முன்னே நகர்ந்து கோட்டருகே நிறுத்திவிட்டு ரசீது வாங்கப் போங்கள். பின்னால் நிற்கும் லாரி டிரைவருக்கு 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்ட அனுமதி. நம் சுற்றுலாவின் சாவகாசம் அவருடைய சம்பளம்.

ஸ்ப்ரின்டர் வேனில் கட்டிய சிறிய டீசல் மோட்டர்ஹோமுக்கு இதெல்லாம் பொருந்தாது. லாரி நாசில் அதன் வாயில் நுழையவே நுழையாது. கார் பம்பே போதும்.

பெரிய வண்டி வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: டீசல் மூடி இரு பக்கமும் உண்டா, டெஃப் மூடி எங்கே, முழு வேகத்தில் நுரைக்கிறதா? டேங்க் நிரப்பித் தருகிறோம் என்று அவர் சொன்னால், நீங்களும் கூடவே போய் நாசிலைப் பிடித்துப் பாருங்கள்.